நீருக்குள் நிற்கும் காடு

முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று தெரிந்துகொள்ளாமல் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் காலைத் தேநீரை முடிப்பதில்லை. நம் மருத்துவமனையின் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவரும் அப்படித்தான். உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூர்; வயது 68. எட்டு வாரப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் அவர் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, “93 ஐயா” என்று நாங்கள் சொன்னால், “அணை 118 தம்பி” என்று அவர் பதில் சொல்வார். இரண்டு எண்களையும் தம் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பார்.

நாற்பது ஆண்டுகளாக அந்த நீரில் இருபோகம் நெல் விளைத்த அவர், நீர் தேங்கி நிற்கும் தேக்கடி ஏரியை ஒரு முறையும் பார்த்ததில்லை என்பது பயிற்சியின் ஆறாவது வாரத்தில் தற்செயலாகத் தெரிந்தது. “மேலதானே இருக்கு, எப்ப வேணும்னாலும் போயிக்கலாம்னு இருந்துட்டேன். இப்ப மூச்சு விட மாட்டேங்குது” என்றார்.

அவருக்கு இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவச் சீட்டுகளில் சி.ஓ.பி.டி. என்று காணப்படுவது இதுவே. அவரைப் பொறுத்தவரை அது 35 ஆண்டுகள் பிடித்த பீடியின் விளைவு. இந்நோயின் கொடுமை நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. மூச்சு வாங்குமே என்ற அச்சத்தில் நோயாளி நடப்பதைக் குறைப்பார். நடை குறையக் குறையத் தொடைத் தசைகள் மெலியும். மெலிந்த தசை சிறு வேலைக்கே திணறும். முன்னினும் விரைவாக மூச்சு வாங்கும். அச்சம் மேலும் வளரும். பெரியவர் பயிற்சிக்கு வந்தபோது ஓராண்டாக வயலுக்குப் போகாதவராக இருந்தார். வீட்டுத் திண்ணை, மருத்துவமனை இரண்டுமே அவர் உலகம்.

பயிற்சியின் நிறைவாக ஆறு நோயாளிகளையும் துணைக்கு ஆளுக்கொரு உறவினரையும் அழைத்துக்கொண்டு தேக்கடிக்குச் செல்வது என்று அந்த வாரமே முடிவு செய்தோம். தேக்கடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நலமாக இருப்பவர் அதை உணர்வதேயில்லை. சேதமுற்ற நுரையீரல் உணரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்து, நுரையீரல் மருத்துவரின் எழுத்துமூல அனுமதி பெற்றோம். அமர்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கும் ஒருவரை அழைத்துச் செல்ல இயலவில்லை. அவர் எங்கள்மேல் வருத்தப்பட்டார், அவ்வருத்தம் நியாயமானதே. அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார்.

மார்ச் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தேனியிலிருந்து வேன் புறப்பட்டது. குமுளிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வந்தன. சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் அறுவடை முடிந்த வயல்களும். எந்த வயல் எந்த வாய்க்காலில் பாய்கிறது என்று பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். இப்பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் பரப்பு 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி நீர் திறப்பது பழைய வழக்கம். அந்தத் தேதி தள்ளிப்போன ஆண்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கண்டதும் வேனில் பேச்சு நின்றது. பெரியாறு இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. அதை மறித்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் வறண்டு கிடக்கும் வைகைப் படுகை பிழைக்கும் என்பது நெடுங்காலக் கனவு. 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் அணை முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் கட்டியவர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-இல் இங்குள்ள சிற்றூர்கள் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைப்பதை நம் வாசகர்களில் பலர் அறிவர். அணையைப் பற்றி இரு மாநிலங்களுக்கிடையே உள்ள வழக்குகளின் கதை நீண்டது, இவ்விதழுக்கு உரியதன்று.

மருத்துவமனை இதழுக்கு உரிய செய்தி வேறொன்று உண்டு. அணை வேலைக்கு வந்தவர்களைக் காட்டு விலங்குகளை விடக் கடுமையாகத் தாக்கியது மலேரியாக் காய்ச்சல். அது காட்டின் கெட்ட காற்றால் வருவதாகவே அன்று பலர் நம்பினர். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள். அணை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. நோய் எதனால் வருகிறது என்று தெரியாமலே அத்தனை பேர் அந்தக் காட்டில் வேலை செய்திருக்கிறார்கள். வேனில் இதைச் சொன்னபோது, “கொசுவலை கூட இருந்திருக்காதா?” என்று கேட்டார் பெரியவரின் மனைவி. அன்று பயணம் முழுவதிலும் அவர் வாய்விட்டுப் பேசியது அதிகமில்லை. அதை நாங்கள் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

தேக்கடியில் வாகனத்தை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் உள்ளே சென்றோம். அங்கிருந்து படகுத்துறைக்குச் சரிவில் இறங்கி நடக்க வேண்டும். எங்கள் திட்டத்தின் பெரும்பிழை இங்கேதான் வெளிப்பட்டது. இடத்தைப் பார்த்து, தொலைவை அளந்து வர நாங்கள் டிசம்பரில் ஒரு முறை சென்றிருந்தோம். அப்போது வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருந்தது. படகும் மேட்டுக்கு அருகிலேயே நின்றது. மார்ச்சில் நீர் வெகுவாக இறங்கிவிட்டது. நீர் இறங்கினால் படகுத்துறையும் அதனுடன் கீழே இறங்கும் என்ற எளிய உண்மை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைய நீர்மட்டத்தைத் தம் நோட்டில் எழுதிவைத்திருந்த பெரியவரைக் கேட்டிருந்தாலே போதும்.

சரிவின் நடுவில் அவர் நின்றுவிட்டார். உதடுகள் சற்றுக் கறுத்தன. விரலில் கருவியை மாட்டினோம், 82 காட்டியது. மலைக்காற்றில் விரல் குளிர்ந்திருந்தால் கருவி தவறாகக் குறைத்துக் காட்டுவதுண்டு. உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து விரலைத் தேய்த்துச் சூடாக்கி மீண்டும் பார்த்தோம். 86. இதுவும் குறைவுதான். பின்னால் வந்த கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு விரைந்தது. “படகு போயிரும், நீங்க போங்க தாயி, நான் இங்கனயே இருக்கேன்” என்று செவிலியரிடம் துண்டு துண்டாகச் சொன்னார்.

அவரை ஒரு கல்லில் அமர்த்தி, முன்புறம் குனிந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் செய்தோம். இன்ஹேலரை இடைக்குழாயில் பொருத்தி இரண்டு முறை கொடுத்தோம். பிறகு பயிற்சியில் கற்ற உதடு குவித்த மூச்சு: இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் நான்கு எண்ணும்வரை மெல்ல ஊதுவது. இம்முறையில் ஊதும்போது உள்ளே சிக்கிய பழைய காற்று வெளியேறுகிறது. அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. ஏழு நிமிடங்களில் எண் 91-க்கு ஏறியது. அதற்குள் எங்களுக்கு உரிய படகு போய்விட்டது.

ஐந்து நோயாளிகளும் அவர்தம் உறவினரும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மூச்சு வாங்குவது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த படகுக்குச் சீட்டு வாங்க எங்களில் ஒருவர் மேலே ஓடினார். மற்றவர்கள் ஏரிக்கரையில் நிழலாய் ஓரிடம் பார்த்து அமர்ந்தோம். அந்தக் காத்திருப்பு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. படகில் போயிருந்தால் விரைவாகக் கடந்து போயிருக்கக்கூடிய காட்சியை அசையாமல் பார்க்கும் வாய்ப்பு அப்படிக் கிடைத்தது.

பச்சை மலைகளுக்கு நடுவே, கிளைகிளையாய்ப் பிரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. அதன் மேல் இலையோ பட்டையோ இல்லாத கரிய மரத் தண்டுகள் நிற்கின்றன. சில ஆள் உயரம். சில இரண்டு ஆள் உயரம். சில நுனி மட்டும் தெரிகின்றன. 1895-இல் நீர் ஏறியபோது இங்கிருந்த காடு வெட்டப்படாமல் அப்படியே மூழ்கியது. நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகியும் அதன் மிச்சம் நின்றுகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பல தண்டுகள் மறைந்துவிடும். கோடையில் நீர் இறங்க இறங்க வெளியே வரும். எங்களைத் தடுமாறவைத்த அதே நீர்க்குறைவுதான் அன்று காட்டை அவ்வளவு தெளிவாகக் காட்டியது.

“தண்ணியில நின்ன மரம் எப்படித் தம்பி செத்துச்சு? மரத்துக்குத் தண்ணிதானே உசுரு?” என்று கேட்டார் பெரியவர். நெல்லை நீரில் நிறுத்தி வளர்ப்பவரின் கேள்வி. வேரும் மூச்சு விடுகிறது என்பதே விடை. மண்ணின் சிறு இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து வேர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அவ்விடைவெளிகளை நீர் நிரப்பி மாதக்கணக்கில் நின்றால் வேர் திணறி இறக்கும். நெல் அப்படியன்று, தண்டின் உள்ளே உள்ள காற்றறைகள் வழியாக மேலிருந்து காற்றை வேருக்கு இறக்கிக்கொள்ளும். காட்டு மரங்கள் பெரும்பாலானவற்றுக்கு அவ்வசதி இல்லை.

“அப்ப மூச்சு முட்டிச் செத்த மரம். செத்தும் ஏன் மக்கலை?” அதற்கும் விடை அதே ஆக்சிஜன்தான். மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று போதாமையால் அங்குள்ள கட்டை அழுகாமல் கிடக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில்தான் இரண்டும் கிடைக்கின்றன. அங்கேதான் மரம் அரிக்கப்படுகிறது. உற்றுப் பார்த்தால் பல தண்டுகள் நீரைத் தொடும் இடத்தில் மெலிந்திருப்பதைக் காணலாம். பெரியவர் வெகுநேரம் அந்த மெலிந்த இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகில் இத்தகைய ஏரிகள் வேறு சிலவும் உண்டு. கஜகஸ்தானில் கைந்தி என்ற மலையேரி, 1911-இன் நிலநடுக்கத்தில் மலைச்சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டானது. அங்கே ஸ்புரூஸ் மரங்கள் நீருக்கு மேல் கம்பங்களாய் நிற்க, நீருக்குள் இருக்கும் பகுதியில் அவற்றின் ஊசியிலைகள் இன்னும் உதிராமல் இருக்கின்றன. நீரின் கடுங்குளிரே காரணம். நம் ஏரி அவ்வளவு குளிர்ந்ததன்று. அதற்கு ஈடாக நம் தண்டுகளில் உயிர் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்தபடி அமர்ந்திருந்தது. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி நீந்தி வந்து, ஒரு கட்டையில் ஏறி, பிடித்த மீனை மேலே வீசி விழுங்கியது. இறந்த காட்டில் கூடும் கட்டுகின்றன இப்பறவைகள். காடு மூழ்கியதால் இடம் இழந்தவர்கள் பறவைகளல்லர், மனிதர்கள். இப்பகுதியின் பழங்குடியினரான மன்னான், பளியர் மக்கள் இன்று குமுளியை ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அவர்களுள் பலர் வனத்துறையின் வழிகாட்டிகள்.

படகில் ஏறியதும் அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி தரப்பட்டது. 2009 செப்டம்பர் 30-இல் இவ்வேரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நினைவில் வைத்திருப்போர் இதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். ஆயினும் அங்கியின் பட்டைகளை இறுக்கிக் கட்டும்போது நெஞ்சு அழுந்தும். மூச்சு நோயாளிகள் முதலில் ஆழ மூச்சிழுத்து, நெஞ்சு விரிந்த நிலையில் கட்டிக்கொண்டால் திணறல் குறைகிறது. கழற்றிவைக்கலாகாது. இன்னொன்று: பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம், நடுவில் எங்கும் இறங்க முடியாது. காலையில் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோர் அன்று எப்போது எடுப்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்கு இதனால் நேர்ந்த சங்கடத்தை விரித்தெழுத வேண்டியதில்லை.

யானைகள் ஐந்து, குட்டியோடு, கரையோரப் புல்லில் நின்றன. தொலைவில் காட்டெருதுகள். புலியைப் பார்க்கவில்லை, 1978 முதல் இது புலிகள் காப்பகமே என்றாலும் படகில் வருவோருக்குப் புலி தென்படுவது அரிது. பெரியவரின் கண் விலங்குகளில் இல்லை. “அணை எங்க இருக்கு?” என்று இரண்டு முறை கேட்டார். சுற்றுலாப் படகு அணைவரை செல்லாது என்று சொன்னபோது சற்றே வாடினார். தமிழகத்துக்கு நீர் செல்லும் மதகு உள்ள திசையைப் படகில் இருந்த பணியாளர் காட்டினார். பெரியவர் எழுந்து நிற்க முயன்றார். நிற்கக் கூடாது என்று அமர்த்தினோம். அமர்ந்தபடியே அத்திசை நோக்கிக் கைகுவித்தார்.

திரும்பி மேலேறுவதே எங்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது. ஏறுமுன் கால் மணி நேரம் முன்னதாக இன்ஹேலர். ஒரு படி ஏறும்போது மூச்சை விடுவது, நின்று இழுப்பது. பத்துப் படிக்கு ஒரு முறை ஓய்வு. மூச்சு வாங்கிய பிறகு நிற்பதைவிட வாங்குமுன்னே நிற்பது மேல். பெரியவர் ஒன்பது இடங்களில் நின்றார். கணக்கு வைத்தது அவர் மனைவி. எங்கும் 88-க்குக் கீழே எண் போகவில்லை. மேலே வந்து சேர்ந்ததும் மற்ற ஐவரும் கைதட்டினர்.

கைதட்டாமல் நின்றவர் அந்த அம்மா மட்டும். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் நின்ற ஒவ்வோர் இடத்திலும் அவரும் நின்றதை நாங்கள் கண்டிருந்தோம். துணைக்கு நிற்கிறார் என்றே எண்ணினோம். “என்னம்மா, தலை சுத்துதா?” என்று செவிலியர் கேட்டார். “ஒண்ணும்... இல்ல தாயி... வயசு...” என்று இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினார். ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து சொல்ல முடியாமல் போவது நாங்கள் நன்கறிந்த அறிகுறி. விரலை நீட்டச் சொன்னதற்கு, “நோயாளி அவுகதான்” என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அவர் பீடியைத் தொட்டவரல்லர். ஆனால் பதினேழு வயதில் மணமாகி வந்தது முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், சன்னலில்லாத அடுப்படியில் விறகும் தென்னை மட்டையும் எரித்துச் சமைத்தவர். விறகுப் புகையும் இதே நோயைத் தரும். கிராமப்புறப் பெண்களில் புகைக்காதவர்க்கும் இந்நோய் வருவதன் முதன்மைக் காரணம் அதுவே. எட்டு வாரங்கள் வாரம் இருமுறை அவர் கணவரோடு எங்கள் அறைக்கு வந்து, சுவரோரப் பெஞ்சில் அமர்ந்திருந்தார். ஒருமுறையேனும் அவரை ஊதச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

இறங்கும் வழியில் இரைச்சல் பாலத்தருகே வேனை நிறுத்தச் சொன்னார் பெரியவர். நீரின் ஓசை கேட்டது. இருவரும் சன்னலருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர், ஒருவரும் இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுக்கு ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை செய்தோம். கணவரைப் போன்ற நோயே. ஆனால் நடுநிலையில் கண்டறியப்பட்டிருக்கிறது. இன்ஹேலர் தொடங்கியாயிற்று. அடுத்த எட்டு வாரப் பயிற்சியில் அவர் பெயரும் உண்டு. அதே செவ்வாயில் எல்லாத் துணையாளர்களுக்கும் ஊதும் சோதனை உண்டு என்ற அறிவிப்பை எங்கள் அறைக் கதவில் ஒட்டினோம்.

இப்போது பெரியவர் சுவரோரப் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். மனைவியின் விரலில் கருவியை மாட்டி எண்ணைச் சொல்கிறோம். அவர் அதைத் தம் நோட்டில் எழுதுகிறார். ஒரு வரியில் மூன்று எண்கள்: அவருடையது, மனைவியுடையது, அணையினுடையது.